ஏழாம் நம்பர் இரைகிறது

மார்ச் 3

கன்ட்ரோல் ரூமிலிருந்து இன்று ஒரு வாக்கி-டாக்கி பழுதுக்கு வந்தது. ஏழாம் நம்பர். என் தம்பியுடைய செட். யார்டில் பெரிய கிரேனை ஓட்டுகிறவன் அவன். ஏணியில் ஏறிப் போனானென்றால் மதியம் வரை அவன் குரல் மட்டும்தான் கீழே வரும். செட்டோடு ஒரு சீட்டு: "7-ம் நம்பர். பேசும்போது இரைக்கிறது." எழுதியவர் கன்ட்ரோல் ரூம்காரர். அவரை எல்லோரும் ஒலிபெருக்கி என்றுதான் சொல்வோம். ரகசியத்தைக்கூட நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லும் தொண்டை.

இரைக்கிறதாம்! மூச்சுதான் இரைக்கும். மைக் இரையும். எழுத்துப் பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. சிவப்புப் பேனாவால் அந்த 'க்'கை அடித்து "இரைகிறது" என்று திருத்தி, சீட்டை ஃபைலில் போட்டேன்.

மார்ச் 4

என் மேஜையில் ஏழாம் நம்பர் சமர்த்தாக இருக்கிறது. பட்டனை அழுத்தி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன்; துளி சத்தம் இல்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகுமே, அந்தக் கதை. அவன் கைக்குப் போனால் மறுபடி மெல்லிய விசில். பட்டனைக் கழற்றித் துடைத்தேன். சுருள் ஒயரை மாற்றினேன். மைக்கையே புதிதாகப் போட்டேன். ம்ஹூம்.

சாப்பாட்டு நேரத்தில் தம்பி வந்தான். "உன் செட்டுக்குச் சளி பிடிச்சிருக்குடா" என்றேன். "ஆவி பிடிக்க வை அக்கா" என்று சிரித்தான். சிரிக்கும்போதே இருமினான். தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 6

நாலாம் நம்பரை அவனிடம் கொடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே விசில்! ஆக, குற்றம் செட்டில் இல்லை. பின்னே? கேபினில்தான். அந்த உயரத்தில் ஜன்னல் இடுக்கு வழியே காற்று ஊதுகிறது.

மைக் ஓட்டைகளுக்கு உட்புறம் கொஞ்சம் பஞ்சு வைத்தேன். கீச்சுச் சத்தத்தை மட்டும் வடிகட்ட ஒரு சின்னப் பாகத்தைப் பற்றவைத்தேன்.

மார்ச் 7

ஒலிபெருக்கி நேரிலேயே வந்து, "சும்மா கணீர்னு இருக்கு மேடம்!" என்று கத்திவிட்டுப் போனார். பதிவேட்டில் எழுதினேன்: இரைச்சல் நீக்கப்பட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

ஏப்ரல் 19

புது பேட்டரிகள் வந்தன. தம்பி ரொம்ப இளைத்திருக்கிறான். வீட்டில் பெண்டாட்டி சோறு போடுவதில்லையா என்று கேலி செய்தேன்.

ஜூன் 11

ஏணியில் பாதி ஏறியவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம்.

ஜூன் 14

நுரையீரலில் கட்டி. மூச்சுக்குழாயை நெரிக்கிறது.

டாக்டர் அவனை மூச்சை இழுத்து விடச் சொன்னார். பக்கத்தில் நின்றேன். மெல்லிய விசில் கேட்டது. அந்த விசிலை எனக்குத் தெரியும்.

"இது எப்போலருந்து இருக்கு?" என்றார் டாக்டர். "வீட்டுல கேட்டதே இல்லையே டாக்டர்" என்றாள் தம்பி பெண்டாட்டி. எனக்குத் தேதியே தெரியும். மார்ச் மூன்று. "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்" என்றார்.

மூணு மாசம். செட்டை மாத்திப் பாத்தேனே, ஆளை மாத்திப் பாத்தேனா? வேற ஒருத்தர் அந்தக் கேபின்ல உக்காந்து பேசட்டும்னு ஏன் எனக்குத் தோணல? தும்பை விட்டு வாலைப் பிடிச்ச கெட்டிக்காரி. பஞ்சு வச்சு அடைச்சேனே... பாவி.

ஜூன் 15

ஒலிபெருக்கியிடம் போனேன். "அன்னிக்கு 'இரைக்கிறது'ன்னு எழுதினீங்களே, அது தப்பா எழுதினதா?"

அவர் மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்டேன். "தப்பு சரியெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். காதுல விழுந்தத எழுதினேன். செட்டுக்கா ஆளுக்கான்னு நீங்க பாத்துப்பீங்கன்னு நினைச்சேன்."

ஜூலை 2

தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மேல ஏறினா எனக்கே இரைக்கும்கா" என்றான், நிறுத்தி நிறுத்தி. "கன்ட்ரோல் ரூமுலருந்து தினமும் 'என்ன தம்பி, இரைக்குது?'ன்னு கத்துவாரு. நீ சரி பண்ணினப்புறம் கேக்கறத விட்டுட்டாரு. நானும் சரியாப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஆகஸ்ட் 9

தம்பி போய்விட்டான். காலை ஆறேகாலுக்கு. முப்பத்து நாலு வயது.

செப்டம்பர் 1

ஏழாம் நம்பர் மறுபடி மேஜைக்கு வந்திருக்கிறது. கிரேனுக்குப் புது ஆள் வந்தாயிற்று. சீட்டு: "குரல் அடைத்தாற்போல் கேட்கிறது."

கேட்காமல் என்ன செய்யும்? என் கைவேலை. திறந்தேன். பஞ்சு கறுத்திருந்தது. மூன்று மாதம் போல அவன் மூச்சுப் பட்ட பஞ்சு. குப்பையில் போட மனம் வரவில்லை. இந்தப் பக்கத்தில்தான் மடித்து வைத்திருக்கிறேன். வடிகட்டும் பாகத்தையும் பிரித்து எடுத்தேன்.

பிறகு ஃபைலைத் தேடி அந்தப் பழைய சீட்டை எடுத்தேன். அடித்த 'க்'கை அதே சிவப்புப் பேனாவால் திரும்ப எழுதினேன். இனி யாருக்கும் பயன் இல்லை. இருந்தாலும் எழுதினேன்.

சாயங்காலம் ஒலிபெருக்கி கூப்பிட்டார். "குரல் நல்லாக் கேக்குது மேடம். ஆனா இப்ப அந்த ஆளு மூச்சு விடறதும் சேர்ந்து கேக்குது. அத மட்டும் எடுத்துடலாமா?"

"வேணாம்" என்றேன். "அதையும் கேளுங்க."