மஞ்சள் கரு வடிகட்ட ஒரு துணி

அன்புள்ள பிரியா,

உடம்பு தேறிவருகிறதா? அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லையா? நான் நலம். போனில் நாம் இருவருமே "ம்" என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

ஒரு சின்னச் செய்தி. உன் ஃபைட்டர் மீன்கள் குஞ்சு பொரித்திருக்கின்றன. முதலில் தண்ணீரில் மிதக்கும் தூசி என்று நினைத்தேன். பெரிய மீன்களின் தீனியைப் பொடித்துப் போட்டேன், தொடவில்லை. வெந்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து, கைக்குட்டையில் வடிகட்டி ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் நாறியது. பாதிக்கு மேல் செத்துவிட்டன.

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து மீன் கடை ஏகாம்பரத்திடம் சொன்னேன். சிரித்தார்.

"இன்னா சார், அதுங்க வாயி ஊசி முனை அளவு கீது. நீ இட்லி கணக்கா போட்டுகினு கீறியே! மல் துணில வடிச்சி ஒரு சொட்டு உடு, போதும். ஊட்ல மல் துணி இல்லியா?"

இல்லை என்றேன்.

இருக்கிறது. பீரோவின் கீழ்த்தட்டில், குழந்தையைச் சுற்ற என்று நீ துவைத்து மடித்து வைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து அந்தத் தட்டை நாம் திறக்கவில்லை.

கடையில் வேறு துணி வாங்கலாம்தான். ஆனாலும் கேட்கிறேன். அதில் ஓர் ஓரத்தைக் கிழித்துக்கொள்ளட்டுமா? உன் பதில் வரும்வரை ஏகாம்பரம் கொடுத்த பாசித் தண்ணீரைத் தீனியாக விட்டுச் சமாளிக்கிறேன். மிச்சக் குஞ்சுகள் இன்னும் நீந்துகின்றன.

வேலைக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வேண்டாம் என்றாலும் எழுது.

பிரசன்னா