வாசிச்சிட்டுத் தொடுங்க

காலையில் கரண்ட் போய்விட்டது. அலமாரியில் கிடந்த டார்ச்சைத் திறந்தால் செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. கையெல்லாம் அந்தக் காரவாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. கழுவிக்கொண்டே சிரித்தேன். அந்த வருஷம் முழுவதும் உன் முந்தானையில் இதே வாடைதானே அடித்தது.

நீ போய் எட்டு மாதமாகிறது. பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லோரும் உன் பொறுமையைப் பற்றியே பேசினார்கள். நானும் தலையாட்டிவைத்தேன். பொறுமையாவது! மத்தியானம் என் சோற்றுத் தூக்கைப் பாதி காலி பண்ணிவிட்டுத்தானே உன்னுடையதைத் திறப்பாய்.

விக்கிரமசிங்கபுரத்தில் நாம் டீச்சர்களாக இருந்த பள்ளிக்கூடத்தில் நம் இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டி மட்டும்தான் இருந்தது. இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்போது எழுத்துக்கூட்ட வராது. ஒருநாள் நீ ஒரு பலகையோடு வந்தாய். மில்லில் எலெக்ட்ரீசியனாக இருந்த உன் வீட்டுக்காரர் செய்து கொடுத்தது. இடப்பக்கம் பன்னிரண்டு படங்கள், வலப்பக்கம் பன்னிரண்டு சொற்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆணி. எந்தப் படத்துக்கு எந்தச் சொல் என்று பின்னால் கம்பி மாட்டியிருந்தது. கரண்டுக்கு நீ முந்தானையில் முடிந்து கொண்டுவரும் டார்ச் செல். முன்னால் தொங்கும் இரண்டு ஒயர்களில் ஒன்றைப் படத்திலும் மற்றதைச் சரியான சொல்லிலும் தொட்டால் உச்சியில் குட்டி பல்பு எரியும். மில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் வகுப்பு இசக்கியும் ஒருத்தி. அவள் அம்மா பீடி சுற்றுகிறவள். "முழுப்பரீட்சைக்குள்ள இவளுக்கு வாசிக்க வரலைன்னா நிறுத்திப்புடுவேன் டீச்சர். எங்கூட பீடித் தட்டுல உக்காரட்டும்" என்று சொல்லியிருந்தாள். ஒரு மாதத்தில் இசக்கி பன்னிரண்டு சொல்லுக்கும் பல்பை எரியவைத்தாள். நான் அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பாடப்புத்தகத்தை நீட்டினேன். 'மாடு' என்ற சொல்லைப் பார்த்து இசக்கி முழித்தாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு தாயிடம் பொய் சொல்ல வைத்துவிட்டாளே என்று அடிஸ்கேலை எடுத்துவிட்டேன். நீ தட்டியைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தாய். பிறகு பலகையின் படங்களையும் சொற்களையும் செய்தித்தாளால் மூடி, ஆணிகளை மட்டும் வெளியே விட்டு, "இப்பம் எரிய வை பாப்போம்" என்றாய். ஒன்றுகூடத் தப்பாமல் எரியவைத்தாள்.

"ஏளா, பன்னெண்டு ஜோடி ஆணியையும் மனசுல வச்சிருக்கா! இவளையா மக்குன்னு சொல்லுத? சொல்லை எல்லாம் பசை போட்டு ஒரே இடத்துல ஒட்டினது நாம. மக்கு நாமதாம்ளா" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. உனக்கோ ஒரே குஷி. அன்றைக்கே ஒட்டியதைக் கிழித்துவிட்டு, சொற்களைக் காலண்டர் அட்டையில் எழுதிச் செருகுகிற மாதிரி மாற்றினாய். பிறகு பலகையைத் திருப்பி இசக்கி மடியில் வைத்தாய். "இனிமே அட்டையக் கலைச்சு மாத்துததும் நீதான், கம்பி மாட்டுததும் நீதான். எது எங்கன இருக்குன்னு வாசிச்சாத்தான் மாட்ட முடியும், பாத்துக்கோ."

தினமும் மணியடிக்கும் முன்பே வந்து உன்னோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டினாள். முதல் இரண்டு வாரம் பாதிக் கம்பி தப்பாகத்தான் மாட்டினாள். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். எனக்கு நம்பிக்கையே இல்லை. "பைய வருவா, நீ பறக்காத" என்று நீதான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

முழுப்பரீட்சைக்கு முன் அவள் அம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டு, எப்படி விளையாடுவது என்று அவளுக்குக் காட்ட ஒயர்களைப் பிடித்தேன். மயில் படத்தில் ஒன்று, முன்பு அந்தச் சொல் ஒட்டியிருந்த நாலாவது ஆணியில் மற்றது. பல்பு எரியவில்லை.

"கம்பியத் தப்பா மாட்டிட்டியே இசக்கி" என்றேன்.

அவள் அட்டையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். "ம... ர... ம். இது மரம் டீச்சர். மயிலு அந்தா கீழ இருக்கு. வாசிச்சிட்டுத் தொடுங்க."

நீ கண்ணாடி கழன்று விழச் சிரித்தாய். அவள் அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவ சொல்லுதது சரியா டீச்சர்?"

"சரிதாம்மா. நான்தான் வாசிக்காம தொட்டுட்டேன்."

"டீச்சருக்கே சொல்லிக்குடுக்காளே!" என்றாள் அந்தம்மா. அதற்குப் பிறகு நிறுத்துகிற பேச்சே எடுக்கவில்லை. இசக்கி மூன்றாம் வகுப்புக்குப் போனாள்.

என் பேரன் இப்போது போனில் எழுத்து விளையாட்டு விளையாடுகிறான். சரியாகத் தொட்டால் அது கைதட்டுகிறது. நான் படத்தை விரலால் மறைத்துவிட்டுத்தான் அவனைக் கேட்கிறேன். அவனுக்கு என்மேல் கோபம்.

நீ படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருநாள் போன் செய்தாய். "எப்படிளா இருக்க?" என்று கேட்டாய். "நல்லா இருக்கேன்" என்றேன், கேட்டு முடிக்கும் முன்பே. நீ மெதுவாக, "வாசிச்சிட்டுத் தொடு" என்றாய். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. உன்னிடமே அழுது தீர்த்தேன்.

இப்போதெல்லாம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். இன்று கையில் செல் வாடையோடு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கேன்ளா. வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.