சுஜீதா இருந்த மூலைக்கு மேலே

1998 மார்ச் 3
நாளை மறுநாள் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் புதுக் கூரையாம். பழைய தகரத்தை அவரவரே கழற்ற வேண்டும், புதுக் கூரைச் சீட்டைத் தோட்டம் தரும், தச்சுவேலை பாஸ் வந்து ஆணி அடிப்பார் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனார். கழற்றாத வீட்டுச் சீட் வேறு லயத்துக்குப் போய்விடுமாம். எந்த வேலைக்கும் கடைசியாகப் போகிறவன் நான். இதிலாவது முதல் ஆளாக இருப்போமே.

மார்ச் 4
ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்ததும் ஏறினேன். ஆணியின் தலைதான் கையோடு வருகிறது, ஆணி வரவில்லை. கூரைக் கரியெல்லாம் என் தலையில். பக்கத்து வீட்டு இருளப்பன் அண்ணன், "என்னா தம்பி, அடுப்புக்குள்ள விழுந்து எந்திரிச்சியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

பின் மூலையில் இரண்டு தகரம்தான் மிச்சம். அப்போது கீழேயிருந்து என் வீட்டுக்காரி இராஜகுமாரி கத்தினாள்: "எறங்குங்க! இனி ஒண்ணையும் தொடாதீங்க!"

மகள் சுஜீதா பெரியவளாகிவிட்டாள். நான் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறேன். இறங்குவதா, அங்கேயே இருப்பதா? எந்தப் பக்கம் பார்ப்பது?

மார்ச் 5
அந்த இரண்டு தகரத்துக்குக் கீழேதான் சேலை மறைப்புக் கட்டி சுஜீதாவை உட்கார வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றும்வரை ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது, இடமும் மாற்றக்கூடாது என்கிறாள் என் வீட்டுக்காரி. பியதாச பாஸோ, முழுக்கக் கழற்று, இல்லாவிட்டால் சீட்டைத் திருப்பி அனுப்புவேன் என்கிறார். கழற்றினால் பிள்ளை வெட்டவெளியில். கழற்றாவிட்டால் மழைக்காலம் முழுக்கக் குடும்பமே வெட்டவெளியில். இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம் என்ன செய்ய?

"இக்மன் கரண்ட, வெஸ்ஸ எனவா!" மழை வருது, சீக்கிரம் என்று பாஸ் விரட்டுகிறார். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடுகிறேன். சேலைக்குப் பின்னாலிருந்து குரல்:

"அப்பா, பழசுக்கு மேலயே புதுச அடிச்சா என்னா? ஏன் இப்பிடி ஓடுறீங்க?"

சிங்களத்தில் பாஸிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். இப்படியொரு வேலை அவர் செய்ததே இல்லையாம். ஆனால் அடித்தார். அவருக்கும் பெண்பிள்ளை இருக்கிறதாம்.

மார்ச் 6
மழை. ஒழுகவில்லை.

மார்ச் 12
தண்ணீர் ஊற்றினார்கள். கஹவத்தையிலிருந்து மச்சான் சீர் கொண்டு வந்தார். பிள்ளை சேலை கட்டி எதிரே வந்ததும் எனக்கு என்ன ஆனதோ, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். லயமே சிரித்தது. அவள்தான் அதிகம்.

ஜூன் 21
சேலை மறைப்பை அவிழ்க்க விடமாட்டாளாம் சுஜீதா. படிப்பு, படுக்கை எல்லாம் அந்த மூலையில்தான். இன்று குடையைத் தேடி மறைப்புக்குள் தலையை நீட்டினேன்.

"அப்பா, உள்ள வர்றதுன்னா கூப்புட்டுட்டு வாங்க."

என் வீட்டில் நான் யாரைக் கூப்பிட? பெயர் சொல்லியா? இல்லை, மகளே என்றா? வெளியே நின்று இரண்டு தரம் இருமினேன்.

"ம், வாங்க," என்றாள்.