மூலையில் இருந்த எறும்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோஹிணியின் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? இங்கே வானவடியில் மழை விடவில்லை. நான் சௌக்கியம்.

ஒரு சின்ன விஷயம். கண்காட்சியில் என் ஓவியம் விற்றுப்போனது. நீங்கள் காமிக்ஸில் வரைந்த, போனைப் பிடித்தபடி அழும் பெண்தான். உங்களைக் கேட்காமலே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, புள்ளிகள் வைத்து, பாப் ஆர்ட் ஆக்கினேன். பத்திரிகையில் உங்கள் பெயரைப் போடமாட்டார்கள் என்று ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஓர் எறும்பு வரைவீர்களே, அதையும் வரைந்திருந்தேன். கேலரி நடத்தும் மானசி அதைக் கறை என்று நினைத்து, "யே தாக் ஹடா தோ", இந்தக் கறையை எடுத்துவிடு என்றாள். கறை இல்லை, அது என் அப்பா என்று சொல்லியிருக்கலாம். எறும்பை அழித்து, அதே இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

பார்க்க வந்த ஒருவர், "இது காப்பி இல்லையா?" என்றார். "யாரோ வரைஞ்ச பழைய காமிக்ஸ்தானே சார்" என்று சிரித்தேன்.

நேற்று ஒரு தாளில் எறும்பைத் திரும்ப வரைந்து பார்த்தேன். என் கைக்கு அது கறையாகத்தான் வருகிறது, அப்பா.

தண்ணீர் லாரி ஹார்ன் அடிக்கிறது, முடிக்கிறேன். பருப்புப்பொடி அனுப்பும்போது டப்பா மூடியில் ஓர் எறும்பு வரைந்து அனுப்புங்கள். துடைக்க மாட்டேன்.

ரோஹிணி