பட்டியலில் இல்லாத முகடு

மார்ச் 3
எங்கள் குடிநீர் நிலையத்தில் புற ஊதா விளக்குகள் இன்று எரியத் தொடங்கின. ஆற்றின் மேல்பக்கத் தொழிற்சாலை பதற்றம் தணிக்கும் மாத்திரை செய்கிறது. அதன் கழிவு கலந்த தண்ணீரில் பெராக்சைடு விட்டு, விளக்கடியில் ஓடவிட்டு மருந்தைச் சிதைக்கிறோம். தண்ணீரைச் சோதிப்பவள் நான்; பதினொன்றாம் தேதி கையெழுத்துப் போட்டால் ஊருக்குத் திறப்பார்கள். அதுவரை அதை நாங்களே குடிக்க வேண்டும், இங்கே அப்படித்தான் வழக்கம். முதல் தம்ளர் ஃபிட்டர் அண்ணனுக்கு. "உயிரோடதான் இருக்கேன். வீட்ல சொல்லிடாதம்மா, ஏமாந்துடுவா" என்றார்.

மார்ச் 5
மருந்து சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் சோதனை வரைபடத்தில் அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு முகடு. மருந்து உடைந்த துண்டு. அது என்ன செய்யும்? யாருக்கும் தெரியாது. "சோதிக்கச் சொன்ன பட்டியல்ல இல்லாததை ஏன் தேடுறீங்க?" என்கிறார் மேலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் தங்கச்சி அந்த ஊர்லதான் சார் இருக்கா, ஏழு மாசம்!" என்று கத்திவிட்டேன். இன்னும் தொண்டை எரிகிறது.

மார்ச் 6
அந்தத் துண்டும் சிதைய, தண்ணீர் விளக்கடியில் இருக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது. என்ன செஞ்சுடுவாங்க? பாத்துடலாம்.

மார்ச் 8
முகடு இன்னும் உயர்ந்திருக்கிறது. இதே தண்ணீர் நிரப்பிய சோதனைத் தொட்டியின் மீன்கள், உள்ளே கையை விட்டால் சிதறி ஓடும். இன்று ஓடவில்லை. ஒன்றை வெளியே எடுத்தேன். துடிக்கவே இல்லை — உள்ளங்கையில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. ஐயோ, செத்திருந்தாக்கூடப் பரவால்லையே!

மார்ச் 9
விளக்கு மாற்றும்போது ஃபிட்டர் அண்ணன் சூடான குழாயில் கை வைத்துவிட்டார். கொப்புளம் எழும்பும்வரை எடுக்கவில்லை.
"வலிக்கலையா அண்ணே?"
"வலிக்குதும்மா." சிரித்த முகம்.
யாருமே ஓடி வரவில்லை. நானும் மெதுவாகத்தான் நடந்து போனேன். ஏன்? தண்ணீர்தான். அந்தத் துண்டும் மருந்துதான், மருந்தைவிடப் பலமான மருந்து. இனி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது. நாளையிலிருந்து.

மார்ச் 10
வீட்டுத் தண்ணீரை எடுத்துவர மறந்துவிட்டேன். தாகம். இங்கேயே குடித்தேன்.

மார்ச் 11
விளக்கு நேரத்தை மாற்றவில்லை என்றார் மேலாளர். சரி என்றேன். நல்ல மனிதர். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 15
தங்கை போனில் பேசினாள். "ரெண்டு நாளா குழந்தை உதைக்கவே இல்லக்கா" என்றாள், ஏதோ மழை வரவில்லை என்பதைப் போல. "ஆஸ்பத்திரிக்குப் போகணுமோ?"
"போகலாம்" என்றேன். "அவசரமில்ல."