ஆடிட்டுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்

10, திங்கள்
காலையிலேயே தூறல். ஆஸ்பத்திரியில் மானம் போச்சு.

எங்க பேக்கிங் கம்பெனிக்கு ஆடிட்டர் வந்தா முந்திரி, பிஸ்கட், ஜூஸ் வைப்போம். அந்தப் பழக்கத்தில் எம்பொண்ணு ஷாலினியைக் கேள்வி கேக்க வந்த மேடத்துக்கும் ஒரு பை நிறைய. வாயும் சும்மா இல்ல: "உங்க வகுப்பாலதான் மேடம் எம்பொண்ணு இப்ப தெளிவா இருக்கா."

மேடம் பேனாவை மூடிட்டாங்க. "போச்சு சார். அது எனக்குத் தெரியவே கூடாது."

போன வருஷம் இவளை மாதிரி உயிரை விடப் பாத்து, பொழைச்சு வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்கு அதோட, அந்த நெனப்பு வந்தா எப்படிச் சமாளிக்கிறதுன்னு பழக்குற வகுப்பும். மறுபடி அந்தப் பக்கம் போகாம வகுப்பு தடுக்குதான்னு பாக்கறாங்க. கேள்வி கேக்கறவங்களுக்கு யார் எதுலன்னு தெரியக் கூடாதாம். வியாழக்கிழமை வேற ஆள் கேப்பாராம்.

ஜூஸ் ரிட்டர்ன். நானே குடிச்சேன்.

11, செவ்வாய்
மழை. படப்பை ரோட்டில் தண்ணி. கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

ஷாலினிக்குக் கோச்சிங். "எது கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லு. அப்பதான் வகுப்பு பாஸ் ஆவும், எல்லாருக்கும் குடுப்பாங்க."

"இன்னாப்பா, என்னையும் பேக்கிங் பண்ணி அனுப்பப் போறியா?"

சமையல்கட்டிலிருந்து சம்சாரம்: "இவரு சொல்லிக்குடுத்து எந்த ஆடிட் பாஸ் ஆச்சு?"

ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்.

13, வியாழன்
வெயில். லீவு போட்டேன். புது சார், கண்ணாடி போட்டவர். என்னையும் உள்ளே உக்காரச் சொன்னா ஷாலினி.

"இந்த ஒரு மாசத்துல அந்த நெனப்பு வந்துச்சாம்மா?"

கண் ஜாடை காட்டினேன்.

"கண்ணுல தூசாங்க?" என்னைத்தான் கேட்டார்.

"ஒரு வாட்டி வந்துச்சு சார்," என்றாள் ஷாலினி. "போன சனிக்கிழமை. தானா எறங்கும்னு உக்காந்தேன். தனியா இருக்க வேணாம்னு அப்பாவுக்கு போன் போட்டேன். போயிடுச்சு."

அந்த போன் எதுக்குன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. சார் நிதானமா எழுதிக்கிட்டார். போன வருஷம் ஒரு வார்த்தை வெளிய விடாதவ இவ. அவங்க ரிப்போர்ட் எப்ப வேணா வரட்டும், என் கணக்குல வகுப்பு பாஸ்.

பஸ்ஸில் ஷாலினி: "அன்னிக்கு போன்ல நீ இன்னா பேசினன்னு ஞாபகம் இருக்காப்பா?"

"சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட்காரன் சேத்துல மாட்டினதை."

"சிரிச்சு வயிறே வலிச்சுது."

நானும் சிரிச்சேன். பேக்கிங் லைனில் நிக்கும்போது போன் எடுக்கக் கூடாது. அன்னிக்கு அவ பேரைப் பாத்தும் கட் பண்ணத்தான் விரல் போச்சு. அதை மட்டும் சொல்லல.