மூன்றாம் அடியில் இடறும் குரல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் காது மந்தமாகிவிட்டது. கிட்டே வந்து பேசினால் கேட்கும், மெல்லிய சத்தமெல்லாம் போன வருடமே போயிற்று. பாட்டு வாத்தியாருக்கு இப்படி என்று தெரிந்தால் பள்ளியில் வைத்துக்கொள்வார்களா, அதனால் பிள்ளைகளின் வாயசைவைப் பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிந்த கடைசி வாரம் கீபோர்டு, மேளம் எல்லாவற்றையும் உறை போட்டு பாட்டு வகுப்பின் உள்ளறையில் வைத்துப் பூட்டியாயிற்று, பிள்ளைகளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. சரி என்று இரண்டாம் வகுப்புக்கு ஒரு விளையாட்டு வைத்தேன், இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருந்து காதில் விழுந்ததையெல்லாம் எழுத வேண்டும். மின்விசிறி, தண்ணீர்க் குழாய், பக்கத்துப் பையனின் வயிறு என்று எழுதியிருந்தார்கள், கூடவே முப்பத்தொரு பேரும் உள்ளறையில ஒரு அக்கா பாடுறாங்க என்று எழுதியிருந்தார்கள். சேர்ந்துகொண்டு என்னை ஏய்க்கிறார்கள் என்று சிரித்தேன். மறுநாள் ஏழாம் வகுப்புக்கும் அதையே வைத்தேன், அவர்கள் வேறு கட்டடத்துப் பிள்ளைகள், அவர்களும் அதையேதான் எழுதினார்கள். பூட்டைத் திறந்து உள்ளே போனேன், உறை போட்ட வாத்தியங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. வாசலில் நின்ற பிள்ளைகளோ சார் உங்க பக்கத்துலதான் பாடுறாங்க, நிறுத்தவே இல்ல என்கிறார்கள்.

இரண்டாம் வகுப்பில் ஒரு வாண்டு இருக்கிறாள், கடுகு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவள் என்னிடம் வந்து, அது நீங்க எங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த பாட்டுதான் சார், மூணாவது அடியில மேல போகணும்ல, அவங்க கீழ போயிடுறாங்க, தப்புன்னு தெரிஞ்சு திரும்ப முதல்ல இருந்து பாடுறாங்க, பாவம் சார் என்றாள். அவளுக்குப் பயமே இல்லை, பயமெல்லாம் எனக்குத்தான். சொல்லிக்கொடுத்துடலாம் சார் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். கடைசி நாள் இரண்டு வகுப்பும் அந்தக் கதவைப் பார்த்து நின்று, மூன்றாவது அடியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாடின, நான் ஒன்றும் புரியாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பதினைந்து முறையாவது பாடியிருப்பார்கள். சட்டென்று அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கதவையே பார்த்தார்கள், பிறகு ஒரே சமயத்தில் கை தட்டினார்கள். சரியா பாடிட்டாங்க சார் என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அழுதே விட்டான். குரலும் நின்றுவிட்டதாம். அப்பாடா என்று பூட்டினேன். எல்லாரும் போனபிறகு, மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்த கடுகு கதவருகே தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள், சார், அடுத்த பாட்டு என்னன்னு கேக்குறாங்க என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

காது போனதால் ராஜினாமா எழுதிப் பையில் வைத்திருந்தேன், கொடுக்கவில்லை. விடுமுறையிலும் தினம் பத்து மணிக்குப் பள்ளிக்குப் போய்விடுகிறேன், அம்மாவிடம் பதிவேட்டு வேலை என்று சொல்லியிருக்கிறேன். கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுப் புதுப் பாட்டின் ஓர் அடியைப் பாடுவேன், உள்ளே இருப்பவள் திருப்பிப் பாடும் நேரம் பொறுப்பேன், அடுத்த அடிக்குப் போவேன். சரியாகப் பாடுகிறாளா, இருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது. நேற்று அப்படிப் பொறுத்திருந்தபோது தற்செயலாகக் கதவில் கை வைத்தேன். பலகை மெல்ல அதிர்ந்தது, நான் பாடிய அதே தாளத்தில். காது மெஷின் வாங்கிப் போட்டுக்கோங்கப்பா என்பாய். வாங்கலாம், அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கதவின் முன்னால் உட்காரத்தான் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அம்மாவிடம் மூச்சு விடாதே. மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல், நீ ராத்திரி கண் விழிக்காதே. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைந்து வாழுங்கள். கடிதம் கிடைத்ததும் போனில் இருமிக் காட்டு, நான் புரிந்துகொள்வேன், கொஞ்சம் பலமாக இருமு.

உன் அப்பா